நான்கு விரற்கடை உயரம்

மலைநாட்டில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வண்டி என்பது அலங்காரப் பொருளன்று. சமவெளியில் வாழ்வோர்க்கு அது வசதி. எங்களைப் போன்றோர்க்கு அது சோறு. கருநாடகத்துச் சிக்கமகளூர் மாவட்டம் மூடிகெரே வட்டத்தில் நாங்கள் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வருகிறோம். தருமபுரிப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்ட வேலைக்குக் கங்காணியுடன் வந்தவர் எங்கள் பாட்டனார். இன்று அண்ணன் தம்பி இருவர், மனைவி மக்கள், எழுபத்தாறு வயதான தாயார் என அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம். மிளகுக்கொடி நாற்றுப்பண்ணை ஒன்றும், அண்டையிலுள்ள சிறு தோட்டங்களுக்கு உரமும் தட்டுமுட்டுச் சாமான்களும் கொண்டு சேர்க்கும் சிறு வாணிகமும் எங்கள் பிழைப்பு. இரண்டுக்கும் அச்சாணியாக இருப்பது ஒரு பிக்கப் வண்டி.

அவ்வண்டியை உயர்த்த வேண்டும் என்னும் பேச்சு 2024-ஆம் ஆண்டு பங்குனியில் எங்கள் வீட்டில் எழுந்தது. எழுப்பியவன் வீட்டின் மூத்த பிள்ளை. வண்டியை ஓட்டுபவனும் அவனே. பெரும் பாதையிலிருந்து எங்கள் நாற்றுப்பண்ணைக்கு மூன்று கிலோமீட்டர் செம்மண் வழி. இடையே ஓர் ஓடை. ஆனி ஆடியில் மழை பிடித்துக்கொண்டால் சக்கரம் போகும் இரு தடங்களும் பள்ளமாகி, நடுவே மண் முதுகுபோல் எழும்பி நிற்கும். ஓடைக்குள் இறங்கும்போதும் கரையேறும்போதும் வண்டியின் அடிப்பகுதி எங்கேனும் இடிக்கும். முந்திய மழைக்காலங்களில் உரமூட்டைகளை ஓடைக்கரையிலேயே இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டு சென்ற நாட்களும் உண்டு. நான்கு விரற்கடை, அதாவது மூன்று அங்குலம், வண்டியை உயர்த்திவிட்டால் இத்தொல்லை தீரும் என்பது பிள்ளையின் வாதம். அவ்வாறு உயர்த்திய வண்டிகளின் படங்கள் அவன் கைப்பேசியில் ஏராளமாக இருந்தன. அவை கம்பீரமாகத்தான் இருந்தன, இல்லையென்று சொல்வதற்கில்லை.

தாயாருக்கு முழங்கால் வலி. மாதம் ஒருமுறை சிக்கமகளூரிலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இவ்வண்டியே துணை. பேரன் படத்தைக் காட்டியதும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "இப்பவே ரெண்டு பேர் கைகுடுத்துத்தான் ஏறுறேன். இன்னும் ஒசத்தினா என்னையும் மூட்டையோட பின்னால போட்டுடு, கண்ணு" என்றார். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "இல்லே ஆயா, படி வெச்சுத் தர்றேன்" என்றான். அந்தப் படியே வழியில் முதலில் இடிப்பது என்பது அப்போது எங்களில் எவருக்கும் தெரியாது.

மூடிகெரேயில் எங்கள் வண்டியைப் பார்ப்பவர் முதிய மெக்கானிக் ஒருவர். கன்னடக்காரர், ஒசூரில் வேலை பார்த்த காலத்தில் கற்ற தமிழில் எங்களிடம் பேசுவார். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டுவிட்டு, "எவ்வளவு ஏற்றலாம் என்பது பிறகு. எது இடிக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

எது இடிக்கிறது என்பதை எப்படிக் காண்பது? பிள்ளையே வழி கண்டான். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, வண்டியின் அடியில் தாழ்ந்து தொங்கும் ஒவ்வோர் இடத்திலும் தென்னைநார்த் தூரிகையால் பூசினான். முன்புறத் தகடு, பக்கப்படிகள், பின் அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் உருண்டை, அடியில் தொங்கும் மாற்றுச் சக்கரம், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கொக்கி என எதையும் விடவில்லை. சுண்ணாம்பு உலர்ந்தபின் வெறும் வண்டியாக ஒருமுறை அவ்வழியே போய்வந்தான். பிறகு மீண்டும் பூசி, ஐம்பது கிலோ மூட்டை நான்கும் ஆட்கள் ஐவருமாக ஒருமுறை போய்வந்தான். பழைய கோணியை விரித்து எல்லோரும் வண்டியடியில் படுத்துப் பார்த்தோம்.

வெறும் வண்டியில் பக்கப்படிகளில் மட்டுமே சுண்ணாம்பு உரிந்திருந்தது. பாரம் ஏற்றியபோது படிகளோடு இழுவைக் கொக்கியும் மாற்றுச் சக்கரத்தின் பின்விளிம்பும் உரசியிருந்தன. டிபரன்ஷியல் உருண்டையின்மேல் பூசிய சுண்ணாம்பு இருமுறையும் பூசியபடியே இருந்தது. முன்புறத் தகட்டிலும் கீறல் இல்லை. இதன் பொருள் யாது? வழியின் நடுவே எழும்பிய மண் எங்களுக்குப் பகையன்று. ஓடைக்கரையின் விளிம்பில் வண்டி வயிற்றை வைப்பதும், கரையேறும்போது வால் தட்டுவதுமே தொல்லை. அதிலும் வால் தட்டுவது பாரம் ஏற்றியபோது மட்டுமே.

அடுத்து அளந்தோம். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதன்மேலுள்ள மட்கார்டின் விளிம்பு வரை நாடாவைப் பிடித்து நான்கு மூலையும் அளப்பது வழக்கம். டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும் இவ்வளவு மாறாது. அதுதான் இம்முறையின் நன்மை. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் எங்களுடையதைப் போன்றே அதே ஆண்டில் வாங்கிய வண்டி ஒன்று உண்டு. அது ஓடியது முப்பதாயிரம் கிலோமீட்டருக்குள்தான். எங்களுடையதோ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தாண்டியது. அவருடைய அனுமதியுடன் அதையும் அளந்து ஒப்பிட்டோம். எங்கள் வண்டியின் முன்புறம் இடப்பக்கம் 18 மி.மீ., ஓட்டுநர் அமரும் வலப்பக்கம் 24 மி.மீ. தாழ்ந்திருந்தது. பின்புறமோ 38-உம் 41-உம்! ஏறத்தாழ ஒன்றரை அங்குல உயரத்தை ஆண்டுகளும் கற்களும் சிறிது சிறிதாகத் தின்றுவிட்டிருந்தன. பிள்ளை கேட்ட மூன்று அங்குலத்தில் பாதி, வண்டி பிறந்தபோதே உடன் வந்து பின்னர் தொலைந்த உயரம்.

உயர்த்தும் முறைகளைப் பற்றிச் சொல்லுமுன் இத்தகைய வண்டியின் அமைப்பைச் சிறிது சொல்ல வேண்டும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இசூசு வி-கிராஸ், 2022-ஆம் ஆண்டு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றைப்போல் எங்கள் வண்டியும் இருவகைத் தாங்கல் உடையது. முன்புறம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேற்கை, கீழ்க்கை என்னும் இரண்டு கைகளால் பிடிக்கப்பட்டிருக்கும். சுமையைச் சுருள் ஸ்பிரிங் தாங்கும். அதிர்ச்சியை அடக்க ஷாக் அப்சார்பர் உண்டு. பின்புறம் இரு சக்கரங்களையும் இணைத்த ஒரே அச்சு. அதன்மேல் நம் ஊர் வில்வண்டியில் இருந்த அதே வில். இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சோடு சேர்த்து யூ போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். மாட்டுக்குப் பதில் டீசல் வந்தது; வில் போகவில்லை.

இனி முறைகள். முதலாவதாகப் பலர் சொல்வது பாடி லிப்ட். சேசிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே கட்டைகளை வைத்து உடலை மட்டும் தூக்குவது. பெரிய டயர் போட இடம் கிடைக்கும். ஆனால் சேசியும் அதன்கீழ் உள்ளவையும் இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் இழுவைக் கொக்கி சேசியில் பொருந்தியது. மாற்றுச் சக்கரமும் சேசியில் தொங்குவது. தாயார் ஏறவேண்டிய உயரம் கூடும். வால் தட்டுவது அப்படியே நிற்கும். ஸ்டியரிங் தண்டு, டீசல் ஊற்றும் குழாய், ரேடியேட்டரின் விசிறிக்கூடு ஆகியவற்றையும் சரிசெய்தாக வேண்டும். அம்முறையை அன்றே விலக்கினோம்.

பெரிய டயர் என்பது இரண்டாவது யோசனை. டிபரன்ஷியல் உருண்டையைத் தரையிலிருந்து உயர்த்த வல்லது டயர் ஒன்றே. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு உயராது. இவ்வுண்மையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 245/70 ஆர் 16 அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 749 மி.மீ.; 265/70 ஆர் 16 என்பதன் விட்டம் 777 மி.மீ. வேறுபாடு 28. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது 14 மி.மீ. மட்டுமே. வேகமானி 60 காட்டும்போது வண்டி 62-இல் போகும். எங்கள் உருண்டை இடிக்கவே இல்லையாதலால் இதற்கும் தேவை எழவில்லை.

பின்புற வில்லைப் பற்றித்தான் நாங்கள் அதிக நாள் பேசினோம். அங்கே நான்கு வழிகள் உண்டு. அச்சுக்கும் வில்லுக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது எளியது. இரண்டு அங்குலக் கட்டைக்கு இரண்டு அங்குலம் உயரும். வில் மாறாததால் சவாரியும் மாறாது. ஆனால் அச்சு வில்லை விட்டு விலகி நிற்பதால், ஏற்றத்தில் முடுக்கும்போதும் பிரேக்கை அழுத்தும்போதும் அச்சு வில்லை முறுக்கப் பார்க்கும். கட்டை உயர உயர முறுக்கும் கூடும். ஒரு கட்டையின்மேல் இன்னொரு கட்டையை அடுக்குவதோ, திருப்பும் முன் அச்சின்மேல் கட்டை வைப்பதோ ஒருபோதும் கூடாது என்று எங்கள் மெக்கானிக் மேசையைத் தட்டிச் சொன்னார். இரண்டாவது வழி, வில்லின் பின்முனையைச் சேசியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்குவது. ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஓர் அங்குலமே உயரும். ஏனெனில் வில்லின் மறுமுனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அத்துடன் அச்சு சற்றே சாய்ந்து, அதைச் சுழற்றும் நீண்ட தண்டின் கோணமும் மாறும்.

மூன்றாவது, அடுக்கில் இன்னொரு பட்டையைச் செருகுவது. நம் லாரிக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இதுவே. எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். எங்கள் வண்டியோ பாதி நாள் பாரத்தோடும் பாதி நாள் வெறுமையாகவும் ஓடுவது. மாதம் ஒருமுறை முழங்கால் வலியுள்ள முதியவரை ஏற்றிச் செல்வது. பட்டை கூடினால் வெறும் வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் குதிக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் நல்ல செட்டுகளை விற்போர், பின்னால் எப்போதும் எத்தனை கிலோ இருக்கும், முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு உண்டா என்று கேட்டே ஸ்பிரிங்கைத் தேர்ந்து தருகிறார்கள். கேட்காமல் ஒரே செட்டை எல்லோருக்கும் கொடுப்பவரிடம் வாங்காதிருத்தல் நலம் என்பது எங்கள் கருத்து. நான்காவது, தளர்ந்த பட்டைகளைப் பட்டறையில் மீண்டும் வளைத்து வாங்குவது. செலவு குறைவு. ஆனால் ஒருமுறை களைத்த இரும்பு மீண்டும் விரைவில் களைக்கும். எங்கள் பக்கத்தில் அவ்வாறு செய்தவர்கள் ஓராண்டுக்குள் மறுபடியும் பட்டறைக்குப் போயிருக்கிறார்கள்.

முன்புறத்தில் விளையாட்டு இன்னும் நுட்பமானது. சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணின் தலையில் ஸ்பேசர் என்னும் வளையத்தை வைத்தால், கீழ்க்கை நெம்புகோல்போல் வேலை செய்வதால், ஓர் அங்குல வளையத்துக்குச் சக்கரத்தில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை உயரம் கிடைக்கும். விலையோ ஒரு மாத மளிகைச் செலவுக்குள் அடங்கும். இதனால்தான் இளைஞர் பலர் இதையே நாடுகிறார்கள். ஆனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது முன்பு நின்ற இடத்தைவிட இன்னும் கீழே போகும். அப்போது கைகளை இணைக்கும் பந்து மூட்டுகளும், முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டும் தாங்கள் படைக்கப்பட்ட கோணத்துக்கு அப்பால் வளைகின்றன. நான்கு சக்கர இயக்கத்தில் சேற்றில் திணறும்போதுதான் அம்மூட்டு அதிகம் உழைக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வண்டியில் அம்மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே சேறு புகுந்து, திருப்பும்போதெல்லாம் கடகடவென்று ஓசை எழுந்தது. தண்டையே மாற்ற வேண்டியதாயிற்று. வளையம் அவருக்கு மலிவாகவே கிடைத்திருந்தது.

ஸ்பிரிங்கின் இருக்கையில் வளையம் வைத்து அதை முன்கூட்டியே இறுக்கிவிடுவது வேறொரு முறை. அதில் மூட்டுகளின் கோணம் எல்லை மீறாது. ஆனால் சக்கரம் கீழே இறங்க இருந்த இடம் குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும். ஷாக் தன் எல்லையில் வந்து முட்டி ஒலி எழுப்பும். டாட்டா ஜெனான் போன்று முன்புறம் டார்ஷன் பார் உள்ள வண்டிகளில் ஒரு போல்ட்டைத் திருகியே உயர்த்திவிடலாம், காசே செலவில்லை. அங்கும் இதே கதைதான். உயரத்தை வானம் தருவதில்லை. சக்கரம் மேலே போகும் இடம், கீழே போகும் இடம் என்னும் இரண்டு பைகளில் ஒன்றிலிருந்து எடுத்தே அது தரப்படுகிறது. எந்தப் பையிலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே முறைகள் வேறுபடுகின்றன.

எம்முறையானாலும் முன்புறம் உயர்ந்தால் சக்கரங்களின் சாய்வும் நேரும் மாறும். வீல் அலைன்மெண்ட் பார்த்தே தீரவேண்டும். முகவிளக்குகளையும் தாழ்த்திச் சரிசெய்ய வேண்டும். சார்மாடி மலைப்பாதையில் எதிரே வரும் பஸ் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்வது நமக்கும் நல்லதன்று. இன்னொன்று முக்கியமானது. பிக்கப் வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கும் சேசிக்கும் இடையே ஒரு சிறு கம்பி இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு வலுக்கூட்டவும், பாரம் இறங்கி உயர்ந்தால் குறைக்கவும் செய்யும் வால்வின் கம்பி அது. கட்டை வைத்துப் பின்புறத்தை உயர்த்திவிட்டு அக்கம்பியைச் சரிசெய்யாவிட்டால், வண்டி காலியாக இருக்கிறதென்றே அந்த வால்வு எண்ணிக்கொள்ளும். மூட்டைகளோடு மலையிறங்கும்போது பின் பிரேக் பாதி மனத்தோடு வேலை செய்யும். உங்கள் வண்டியில் அது உண்டா என்று குனிந்து பாருங்கள்.

உயர்ந்த வண்டி எளிதில் கவிழும் என்பதையும் வீட்டில் ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தோம். இரு சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தில் பாதியை, எடை குவியும் நடுப்புள்ளியின் உயரத்தால் வகுத்தால் வரும் எண் பெரிதாக இருந்தால் வண்டி உறுதியாக நிற்கும். எடுத்துக்காட்டாகப் பாதியகலம் 78 செ.மீ., உயரம் 70 செ.மீ. என்று கொண்டால் 1.11 வரும். உயரம் 75 ஆனால் 1.04. காகிதத்தில் சிறு வேறுபாடுதான். கொண்டை ஊசி வளைவில், பின்னால் மூட்டைகளும் உள்ளே தாயாரும் குழந்தைகளும் இருக்கும்போது அது சிறிதன்று. கணக்கைப் போட்டவன் பிள்ளையே. போட்டு முடித்தபின் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

சட்டத்தின் நிலையும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு சனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கடைகளில் செட்டுகள் வெளிப்படையாக விற்கப்படுகின்றன, ஊரில் பத்து வண்டி அப்படி ஓடுகிறது என்பவை சட்டத்துக்கு விடையாகா. வேற்று மாநிலத்தில் வாழும் நாம் சோதனைச் சாவடியில் நின்று மொழி புரியாமல் வாதாடுவதைவிட, உயர்த்த எண்ணினால் முன்னதாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது மேல். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவியாத மாற்றம், விபத்து நேர்ந்த நாளில் அவர்களுக்குக் காரணமாகிவிடும். தளர்ந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு உற்பத்தியாளர் குறித்த அதே ஸ்பிரிங்கைப் போடுவதோ பழுது நீக்கமே.

ஆகவே நாங்கள் முடிவு செய்தது இது. பின்புறம் கட்டையும் வேண்டாம், நீண்ட ஷேக்கிளும் வேண்டாம். உற்பத்தியாளரின் எண்ணுள்ள புதிய வில் அடுக்கு. முன்புறம் அதே எண்ணுள்ள புதிய சுருள். நான்கு ஷாக்குகளும் புதியவை. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைத்த ஷாக்கை வைத்துக்கொண்டு புதிய ஸ்பிரிங் போடுவது, கிழிந்த மெத்தையின்மேல் புது விரிப்புப் போடுவது போலாகும். வளையத்தைவிடப் பன்மடங்கு செலவுதான். மூன்று தவணையாகக் கொடுத்தோம். வைகாசி முதல் வாரத்தில் இரண்டு நாளில் வேலை முடிந்தது. பழைய யூ போல்ட்டுகளை மெக்கானிக் கையில் வாங்கிக் குப்பையில் எறிந்தார். ஒருமுறை முழுவலுவோடு இறுக்கிய யூ போல்ட் நீண்டுபோயிருக்கும், மீண்டும் பயன்படுத்துவது அறிவீனம் என்றார். வில்லின் இருமுனை ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களின்மேல் நின்ற பிறகே கடைசியாக இறுக்கினார். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியுமாம்.

ஸ்பிரிங் அமர்ந்து பழகட்டும் என்று ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, அலைன்மெண்ட் பார்த்து, மறுபடியும் அளந்தோம். பின்புறம் இருபக்கமும் 39 மி.மீ. உயர்ந்திருந்தது, முன்புறம் 20. தொலைந்தது கிடைத்துவிட்டது. பிள்ளை மறுபடியும் சுண்ணாம்பு கரைத்தான். நான்கு மூட்டையும் ஐந்து ஆட்களுமாகப் போய்வந்ததில் மாற்றுச் சக்கரத்தில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. இழுவைக் கொக்கியின் முனை மட்டும் ஒருமுறை மண்ணைத் தொட்டிருந்தது. நாங்கள் எதையும் இழுப்பதில்லை. ஆதலால் அதைக் கழற்றி வைத்துவிட்டோம்.

பக்கப்படிகள்தாம் எஞ்சிய சிக்கல். வழியில் முதலில் இடிப்பவை அவை. தாயாரின் காலுக்குப் பிடிமானமும் அவையே. கழற்றினால் வண்டிக்கு நல்லது. வைத்திருந்தால் அவருக்கு நல்லது. பல நாள் பேச்சுக்குப் பிறகு தாயாரே முடிவு சொன்னார்: "கழட்டிடு. எனக்கு ஒரு முக்காலி போதும்." பலாமரத்தில் ஒன்பது அங்குல உயரத்தில் அகன்ற கால்களோடு ஒரு முக்காலி செய்வித்தோம், மேற்பலகையில் பழைய டயரின் ரப்பரை அறைந்தோம். வண்டித் தொட்டியில் கயிற்றில் கட்டியிருக்கும். மருத்துவமனை வாசலில் காவலாளி அதைப் பார்த்து முதலில் சிரித்தார். இப்போது அவரே எடுத்து வைத்துக் கைகொடுக்கிறார். படியைவிட முக்காலி எளிதாக இருப்பதாகத் தாயார் சொல்கிறார். ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்னவோ, ஒருவர் கையைப் பிடித்தே இப்போது ஏறிவிடுகிறார்.

இன்னொரு முறையையும் கையாண்டோம். அது எந்தக் கடையிலும் விற்பதில்லை. வண்டியை உயர்த்துவதற்குப் பதில் வழியைத் தாழ்த்தினோம். ஓடைக்கரையின் விளிம்பு செங்குத்தாக இருந்ததால்தான் வண்டியின் வயிறு தட்டியது. அவ்வழியைப் பயன்படுத்தும் மூன்று குடும்பத்தாரும் கடப்பாரை மண்வெட்டியோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடி, இருகரையையும் சரிவாக வெட்டி, வெட்டிய இடத்தில் கற்களைப் பரப்பினோம். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தார் கடுபும் சட்னியும் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து புளிச்சோறு போயிற்று. முதற் பெருமழையில் கற்களில் ஒரு பகுதி அடித்துப் போயிற்று. ஆவணியில் மீண்டும் பரப்பினோம். ஆண்டுதோறும் இது உண்டு என்று இப்போதே ஏற்பாடு.

மூன்று அங்குலம் உயர்த்தியே ஆகவேண்டிய வழிகள் இருக்கலாம். அடர்காட்டில் பாறைமேல் ஏறி இறங்கும் வேலை உடையவர்க்கு, அரசின் அனுமதி கிடைக்குமாயின், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று இணையாக வடிவமைத்த முழுச் செட்டே தகும். வளையமும் கட்டையும் வேண்டா. எங்கள் பிள்ளை படங்களைக் கைப்பேசியிலிருந்து நீக்கவில்லை. நாங்களும் நீக்கச் சொல்லவில்லை.

2024, 2025 ஆகிய இரண்டு மழைக்காலங்களிலும் ஓடைக்கரையில் மூட்டை இறக்கவில்லை; வெள்ளம் பெருகி ஓடையே கடக்க முடியாதிருந்த நாட்கள் வேறு கணக்கு. 2025 மழைக்குப்பின் மீண்டும் அளந்ததில் பின்புறம் 4 மி.மீ. இறங்கியிருக்கிறது, முன்புறம் மாற்றம் இல்லை. அளவுகள் யாவும் வண்டிப் பெட்டியிலுள்ள குறிப்பேட்டில் பிள்ளையின் கையெழுத்தில் இருக்கின்றன. மலைநாட்டில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் தங்கள் வண்டியின் நான்கு மூலை அளவுகளையும், ஓடிய கிலோமீட்டரையும், ஏற்றும் பாரத்தையும் குறித்து இந்த இதழின் முகவரிக்கு எழுதியனுப்பினால், ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு உதவியாக இருக்கும்.